க்ரூஸ் கண்ட்ரோல் பிடிக்கவில்லையா? முதலில் பிரேக் விளக்கைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பழைய கார் பராமரிப்பு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. அவரிடம் இருப்பது 1997 ஹோண்டா அக்கார்டு, 2.2 லிட்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். மாமா ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கார். வாரம் இருமுறை நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் உண்டு என்பதால் வலது முழங்காலுக்கு க்ரூஸ் கண்ட்ரோல்தான் (காலை எடுத்தாலும் வைத்த வேகத்திலேயே வண்டியை ஓடவைக்கும் ஏற்பாடு) ஆறுதல். இரண்டு வருடமாகவே மேட்டில் ஏறும்போது 65 மைலில் வைத்த வேகம் 58 வரை இறங்கி, மேடு முடிந்ததும் மெல்ல ஏறும். ஒரு மாதமாகப் புதுத் தொல்லை. சில நாள் ‘செட்’ பொத்தானை அழுத்தினால் பிடிக்கிறது, பல நாள் பிடிப்பதே இல்லை. க்ரூஸுக்கான மெயின் ஸ்விட்சில் விளக்கு எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, ஸ்பீடோமீட்டர் ஒழுங்காக ஓடுகிறது.

மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, “கோடு (பழுதுக் குறியீடு) எதுவும் வரவில்லை, அப்படியென்றால் கண்ட்ரோல் யூனிட்தான் போயிருக்கிறது” என்று சொல்லி, பழைய யூனிட் வாங்கிப் பொருத்த 480 டாலர் கேட்கிறார். நண்பர் ஒருவர், “பிரேக் ஸ்விட்ச் வயர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடு, சரியாகிவிடும்” என்கிறார். இன்னொருவர், பழைய கார்களில் க்ரூஸ் கண்ட்ரோல் தீப்பிடிக்கும், ஃபியூஸையே பிடுங்கிவிடு என்று பயமுறுத்தியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், சம்பந்தமில்லாத செய்திகள் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நான்கு விஷயங்களை எழுதியிருக்கிறார்: இரண்டு முறை காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தது, புதிது மாற்றியாயிற்று, மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சில நேரம் பிரேக்கை மிதிக்காமலேயே ‘பி’யிலிருந்து கியர் லீவர் நகர்ந்துவிடுகிறது, கால்மிதியைச் சுத்தம் செய்தபோது நீலப்பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன.

அன்புள்ள வாசகருக்கு,

சம்பந்தமில்லாதவை என்று நீங்கள் ஒதுக்கிய நான்கு செய்திகளில்தான் விடை இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் வண்டியை ஒரு சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். ஐந்தாறு முறை பிரேக்கை மிதித்து, விட்டு, மீண்டும் பாருங்கள். ஏதாவது ஒரு முறை காலை எடுத்த பிறகும் வெளிச்சம் நின்றால், உங்கள் க்ரூஸ் கண்ட்ரோல் பழுதாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதாக அது நம்புகிறது, அதனால் பிடிக்க மறுக்கிறது.

பிரேக் பெடலின் கம்பியில் மேல்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். அதில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் செருகியிருக்கும். ஸ்டாப்பர் பேட் என்பார்கள். நீங்கள் காலை எடுத்திருக்கும்போது பிரேக் ஸ்விட்சின் முனையை உள்ளே அமுக்கி வைத்திருப்பது இந்தக் குமிழ்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வெயிலும் குளிரும் பட்ட அந்தப் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். குமிழ் போனதும் ஸ்விட்சின் முனை துளை வழியே வெளியே நீட்டிக்கொள்ளும். ஸ்விட்சுக்கு அது மிதித்த பெடல். கால்மிதியில் நீங்கள் பார்த்த துணுக்குகள் அந்தக் குமிழின் மிச்சம்.

மற்ற மூன்றும் இதோடு ஒட்டி வரும். பிரேக் விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். இரவு எட்டு மணி நேரத்தில் அது 40 ஆம்பியர்-மணி. அவ்வளவை இழந்த கார் பேட்டரி காலையில் எழுந்திருக்காது. பிரேக் மிதித்தால்தான் ‘பி’யை விடவேண்டிய பூட்டும் இதே ஸ்விட்சின் பேச்சைக் கேட்பதால் சும்மாவே விட்டுவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் லாக்-அப்பும் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நழுவாமல் இணைக்கும் பூட்டு) பிரேக் சிக்னல் இருந்தால் பிடிக்காமல் போகக்கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்று சில நூறு கூடும், மைலேஜ் குறையும். குமிழின் விளிம்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் சில நாள் பிடிக்கிறது, சில நாள் இல்லை.

க்ரூஸ் பிடிக்காதது வெறும் சௌகரியக் குறைவு. பிரேக் விளக்கு அணையாமல் இருப்பது அப்படியல்ல. நீங்கள் உண்மையில் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருபவருக்கு அது தெரியாது. 65 மைல் வேகத்தில், மழை இரவில், இதைவிட மோசமான பழுது குறைவு. பென்சில்வேனியாவின் வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையிலும் பிரேக் விளக்கைப் பார்ப்பார்கள், தப்பாது. ஆகவே மெக்கானிக்கின் 480 டாலர் வேலையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

குமிழை மாற்றுவது

ஹோண்டா டீலரின் பாகப் பிரிவில் பிரேக் பெடல் ஸ்டாப்பர் பேட் என்று கேளுங்கள். பாக எண் 46505-எஸ்ஏ5-000. உங்கள் காரின் 17 இலக்க அடையாள எண்ணைச் சொல்லிச் சரிபார்த்து வாங்கவும். விலை சில டாலர்தான். இரண்டாக வாங்குங்கள், மேனுவல் கியர் வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் க்ளட்ச் பெடலிலும் இதே மாதிரிக் குமிழ் இருக்கிறதா பார்த்து, சேர்த்தே மாற்றுவது நல்லது.

டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பெடல் கம்பியின் மேல்பகுதியைப் பாருங்கள். மீதி விளிம்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். பெடலைக் கையால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் துளைக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே இடம் கிடைக்கும். குமிழின் தட்டையான தலை ஸ்விட்சைப் பார்த்து இருக்கவேண்டும். சோப்புத் தண்ணீர் ஒரு துளி தொட்டு, கட்டைவிரலால் அமுக்கினால் ‘டக்’ என்று உட்காரும். விரல் போதாவிட்டால் பிளேயரின் தாடையில் துணி சுற்றி அழுத்தலாம். கிரீஸ் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது சீக்கிரம் கெடுத்துவிடும்.

பெரும்பாலும் ஸ்விட்சைத் தொடவே வேண்டியிருக்காது. யாராவது ஏற்கெனவே திருகி வைத்திருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள்: லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்விட்சின் மரை போட்ட முனை குமிழைத் தொடும்வரை உள்ளே திருகி, பிறகு கால் சுற்று வெளியே எடுங்கள். நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி வரும், அதுதான் அளவு. விளக்கு அணைந்தால் போதும் என்று ஸ்விட்சை இறுக்கிப் பெடலையே கீழே தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தம் முழுதாக விடுபடாமல் பிரேக் உரசிக்கொண்டே ஓடும், சூடாகும், பிரேக் பேட் தேயும்.

பாகம் வரும்வரை வண்டி எடுத்தே ஆகவேண்டுமென்றால், தட்டைத் தலை கொண்ட ஒரு குட்டி போல்ட்டைத் துளையில் விட்டு மறுபக்கம் நட் போட்டு இறுக்கலாம். ஓரிரு நாளைக்கு மட்டும். நாணயத்தைப் பசையால் ஒட்டுவது கூடாது. அது பிய்ந்து பெடலுக்கு அடியில் விழுந்தால் ஆபத்து.

ஸ்கேனரில் கோடு இல்லை என்பதற்கு என்ன அர்த்தம்?

உங்கள் மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கு தவறு. 1996 முதல் அமெரிக்காவில் விற்ற கார்களில் இருக்கும் ஓ.பி.டி.-2 இணைப்பு, முதன்மையாகப் புகைமாசு தொடர்பான எஞ்சின், கியர்பாக்ஸ் கோளாறுகளைச் சொல்வதற்கு. உங்கள் அக்கார்டின் க்ரூஸ் யூனிட் டாஷ்போர்டுக்கு அடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெட்டி. அது அந்த இணைப்பில் பேசாது. ஆகவே கோடு வராதது யூனிட் கெட்டதற்கும் நல்லதற்கும் சாட்சி ஆகாது. வேகத்தைச் சொல்லும் சென்சார் கெட்டால் மட்டும் எஞ்சின் கணினி பி0500 என்று குறித்து வைக்கும். உங்களுக்கு அது வரவில்லை, ஸ்பீடோமீட்டரும் ஓடுகிறது. எனவே சென்சாரை நம்பலாம்.

பழைய க்ரூஸ் கண்ட்ரோலை ஆராயும் எவரும் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். சந்தேகம் வந்தால் கைவிட்டுவிடு என்பதுதான் அதன் வடிவமைப்பு. பிரேக், கியர் நிலை, வேக சிக்னல், மெயின் ஸ்விட்ச், இவற்றில் எது ஒன்று சரியில்லை என்று பட்டாலும் அது பிடிக்காது. பிடிக்காத க்ரூஸ் பெரும்பாலும் ஒரு தவறான செய்திக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறது. யூனிட்டைக் குறை சொல்வது கடைசி வேலை.

குமிழ் மாற்றியும் பிடிக்காவிட்டால், ஒரே ஒரு சோதனை பிரச்சினையை இரண்டாகப் பிரித்துக் காட்டும். ஆளில்லாத சாலையில் 45 மைலில் போய் ‘செட்’ அழுத்துங்கள் (25 மைலுக்குக் கீழே அது எப்படியும் பிடிக்காது). மீட்டர் பலகையில் க்ரூஸ் விளக்கு எரிந்து, வேகம் மட்டும் நிற்கவில்லையென்றால், யூனிட் உத்தரவு கொடுத்துவிட்டது. எஞ்சின் அறையில், காலுக்குப் பதிலாக எஞ்சினை முடுக்கும் கருவியான ஆக்சுவேட்டர், வேக்குவம் ஹோஸ், கேபிள் பக்கம் போங்கள். விளக்கே எரியவில்லையென்றால் பழுது உத்தரவுக்கு முன்னால், ஸ்விட்சுகள் பக்கம்.

ஸ்விட்ச் பக்கத்தில் பிரேக் ஸ்விட்சிலிருந்தே தொடங்குங்கள். அதில் நான்கு முனை, இரண்டு ஜோடி. இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். காலை எடுத்திருக்கும்போது க்ரூஸ் ஜோடி தொடர்பில் இருக்கவேண்டும், விளக்கு ஜோடி இருக்கக்கூடாது. மிதித்தால் இரண்டும் தலைகீழாக மாறவேண்டும். விளக்கு ஒழுங்காக எரிந்து அணைவதால் ஸ்விட்ச் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். க்ரூஸ் ஜோடி தனியாகக் கெடும்.

ஹார்ன் அடிக்கிறது என்று எழுதியது எனக்குப் பெரிய உதவி. இந்தக் கால ஹோண்டாக்களில் ஸ்டீயரிங் மேல் உள்ள ‘செட்’, ‘ரெஸ்யூம்’ பொத்தான்களுக்கு மின்சாரம் ஹார்ன் வழியில்தான் வருகிறது. ஹார்ன் ஃபியூஸ் போனால் க்ரூஸும் போகும். ஹார்ன், ஏர்பேக், பொத்தான்கள் எல்லாவற்றின் தொடர்பும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் கேபிள் ரீல் ஒன்றின் வழியே செல்கிறது. ஹார்ன் அடிக்கிறது, ஏர்பேக் விளக்கும் எரியவில்லை என்றால், ஸ்டீயரிங்கைக் கழற்ற உங்களுக்குக் காரணமே இல்லை. கழற்றவும் வேண்டாம். மஞ்சள் இணைப்புகள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றி மூன்று நிமிடமாவது காத்திருந்து, பழகியவர் செய்யவேண்டிய வேலை அது.

இத்தனையும் சரியாக இருந்து, யூனிட்டின் இணைப்பில் எல்லா சிக்னலும் வந்து, அப்போதும் அது வேலை செய்யாவிட்டால் மட்டுமே யூனிட்டைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்திருக்கும்போது பிடித்து, அரை மணி ஓடிச் சூடானபின் விட்டுவிடுவது, பெட்டியைத் தட்டினால் பிடிப்பது, இவை உள்ளே சால்டர் (ஈயப் பற்றவைப்பு) விரிசலுக்கான அடையாளம். சர்க்யூட் போர்டின் பின்புறத்தில், பெரிய முனைகளைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல் தெரியும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். ரோசின் கலந்த ஈயக்கம்பியும் 30 வாட் இரும்பும் வைத்திருக்கும் எந்த எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவரும் அதை உருக்கி மீண்டும் பற்றவைத்துவிடுவார். பழைய யூனிட் வாங்கவே நேர்ந்தால், லேபிளில் உள்ள எண் அப்படியே பொருந்தவேண்டும். அதற்கும் அதே வயது என்பதை மறக்கவேண்டாம். மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம், “யூனிட்டுக்கு வரும் பிரேக் சிக்னலை அளந்து பார்த்தீர்களா, எத்தனை வோல்ட் இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். பதிலில் எண் இருந்தால் அவரிடமே வேலையைக் கொடுக்கலாம்.

மேட்டில் வேகம் இறங்குவது வேறு பழுது

இரண்டு தொல்லையையும் ஒரே நோயாகப் பார்த்ததில்தான் குழப்பம். உங்கள் காரில் த்ராட்டிலை (எஞ்சினுக்குக் காற்றை விடும் கதவு) இழுப்பது மோட்டார் அல்ல, எஞ்சினின் உறிஞ்சும் விசை. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வழியான இன்டேக்கிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் ஆக்சுவேட்டருக்கு வரும். உள்ளே இருக்கும் சவ்வு உறிஞ்சப்பட்டு கேபிளை இழுக்கும். மேட்டில் த்ராட்டில் அதிகம் திறக்கத் திறக்க, இன்டேக்கில் உறிஞ்சும் விசை குறையும். அதிகம் இழுக்கவேண்டிய நேரத்தில் பலம் குறைவது இந்த வகையின் பிறவிக் குணம். அதனால் செங்குத்தான ஏற்றத்தில் இரண்டு மூன்று மைல் இறங்குவதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏழு மைல் இறங்குவது கசிவின் அடையாளம். ஆனால் முதலில், அதே மேட்டில் காலால் மிதித்து 65 நிற்கிறதா என்று பாருங்கள். காலாலும் திணறினால் எஞ்சினைக் கவனிக்கவேண்டும், க்ரூஸை அல்ல.

காலால் எளிதாக நின்றால் ஹோஸைப் பிடியுங்கள். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலிருக்கும் முனைதான் முதலில் காய்ந்து விரியும். வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். நீளம் மிச்சமிருந்தால் முனையில் ஒரு செ.மீ. வெட்டி மறுபடி செருகலாம். இல்லையென்றால் அதே உள்விட்டத்தில் வேக்குவம் ஹோஸ் வாங்கி மாற்றுங்கள். ஹோஸின் கடைசி முனையில் வேக்குவம் மீட்டர் வைத்தால், சூடான எஞ்சின் ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) 18 முதல் 21 பாதரச அங்குலம் காட்டவேண்டும். வழியில் ஒருவழி வால்வு இருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஊதமுடிகிறதா பாருங்கள்.

ஆக்சுவேட்டரைச் சோதிக்கும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். சும்மா கைப் பம்பால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு ‘சவ்வு கிழிந்துவிட்டது’ என்று தூக்கிப்போடுகிறார்கள். அதனுள் மூன்று சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது உறிஞ்சும் வால்வு மூடியும், காற்றை உள்ளே விடும் வால்வும் பாதுகாப்பு வால்வும் திறந்தும் இருக்கும். பாதுகாப்புக்காகவே அப்படி. மூன்றுக்கும் 12 வோல்ட் கொடுத்துவிட்டுத்தான் உறிஞ்சவேண்டும். அப்போது கம்பி உள்ளே போய் அங்கேயே நிற்கவேண்டும். மெல்ல வெளியே வந்தால் கசிவு. மூன்று சுருளும் ஏறக்குறைய 30 முதல் 60 ஓம் வரை காட்டவேண்டும். எந்த முனை எதற்கு என்பதை உங்கள் ஆண்டுக்குரிய வயரிங் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊகித்து மின்சாரம் கொடுக்கவேண்டாம்.

கேபிளிலும் தளர்வு பாருங்கள். ஆக்சுவேட்டர் கம்பி ஏறக்குறைய 11 மி.மீ. நகர்ந்த பிறகு த்ராட்டில் லீவரை இழுக்கத் தொடங்கவேண்டும். அதிகத் தளர்வு இருந்தால் ‘செட்’ அழுத்தியதும் வேகம் சட்டென்று இறங்கிப் பிறகு பிடிக்கும், மேட்டிலும் போதாது. இறுக்கமாக இருந்தால் ஐடில் கூடும்.

நண்பர்கள் சொன்ன இரண்டும்

பிரேக் ஸ்விட்ச் வயர்களை முறுக்கிச் சேர்ப்பதை தயவுசெய்து செய்யாதீர்கள். மிதித்ததும் திறக்கும் அந்த ஜோடி, ஆக்சுவேட்டர் வால்வுகளுக்கான மின்சாரத்தையே அறுக்கிறது. யூனிட் உள்ளே பைத்தியம் பிடித்தாலும் காலை வைத்தவுடன் வண்டி விடுபடுவதற்கான ஏற்பாடு அது. அதைச் சேர்த்து முறுக்கினால், யூனிட் ஒழுங்காக இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் 65 மைலில் போகிறீர்கள். தவிர, அணையாத பிரேக் விளக்கு அப்படியேதான் இருக்கும்.

தீப்பிடிக்கும் என்ற பயம் காற்றில் வந்ததல்ல, ஆனால் உங்கள் காருக்கு உரியதும் அல்ல. ஃபோர்டு நிறுவனத்தின் 1990களின், 2000களின் தொடக்கத்து மாடல்கள் பலவற்றில், க்ரூஸை விடுவிக்கும் அழுத்த ஸ்விட்ச் ஒன்று பிரேக் எண்ணெய் அமைப்பிலேயே திருகியிருந்தது. எப்போதும் மின்சாரம் பாயும் ஸ்விட்ச். உள்ளே மெல்லிய சவ்வு விரிந்து, பிரேக் எண்ணெய் மின்முனைகளில் கசிந்து, எஞ்சினை அணைத்து நிறுத்திய வண்டிகள்கூட எரிந்தன. 1999 முதல் 2009 வரை பல தவணைகளில் ஒரு கோடியே நாற்பது லட்சம் அளவுக்கு வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் ஹோண்டாவின் ஸ்விட்ச் பெடலுக்கு மேலே இருக்கிறது, பிரேக் எண்ணெயைத் தொடுவதே இல்லை. ஃபியூஸைப் பிடுங்க வேண்டியதில்லை. சில கார்களில் அதே ஃபியூஸ் வேறு முக்கியமானவற்றுக்கும் போகும். இதைப் படிக்கும் யாரிடமாவது அந்தக் காலத்து ஃபோர்டு இருந்தால், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தேடலில் 17 இலக்க எண்ணைப் போட்டு, திருத்தம் செய்யப்பட்டதா என்று பாருங்கள். செய்யாமல் விட்டிருந்தால், அதுவரை வீட்டை ஒட்டிய கராஜில் நிறுத்தாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை ஓட்டம் பாக்கி. உலர்ந்த, நெரிசல் இல்லாத சாலையில் 50 மைலில் ‘செட்’ செய்து, பிரேக்கை விரல் நுனி கனத்துக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் பிடிக்கும் முன்பே க்ரூஸ் விடுபடவேண்டும். ‘ரெஸ்யூம்’ அழுத்தி, மறுபடி பிடித்ததும் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், அதற்கும் விடவேண்டும். கடைசியாக மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். மூன்றில் ஏதாவது ஒன்று தாமதித்தாலும், காரணம் தெரியும்வரை மெயின் ஸ்விட்சை அணைத்தே வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சுவர்ச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.